ஈஸ்டர் விடுமுறைக்கு பிராக்: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு எப்படிச் சுற்றலாம்?

முத்துநகர்

வணக்கம் எல்லாருக்கும். பெர்லினில் வேலை பார்க்கிறேன். தூத்துக்குடியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்து என்னோடு தங்கியிருக்கிறார்கள். புனித வெள்ளி காலையில் ரயிலேறி பிராக் போய், ஈஸ்டர் திங்கள் மாலை திரும்பலாம் என்று இருக்கிறோம். இணையத்தில் தேடினால் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரே மாதிரிப் பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அவற்றை எழுதியவர்கள் எல்லாம் இளவட்டங்கள் போல, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நடக்கச் சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக நடப்பார், படிக்கட்டு என்றால் சிரமம். அவருக்கு இருக்கிற ஒரே ஆசை பிராக் குழந்தை இயேசு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் அந்தச் சுரூபம் உண்டு, பெங்களூர் விவேக் நகர் கோவிலுக்கு நேர்ச்சை வைத்துப் போனவர். மூலச் சுரூபம் இருக்கும் ஊர் பெர்லினிலிருந்து ரயிலில் போகிற தூரம்தான் என்று தெரிந்த நாளிலிருந்து தினமும் அதே பேச்சு.

அப்பா ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். அவருடைய பட்டியல் தனி. ஆளை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்ட அறை, மதச் சீர்திருத்தம் பேசிய யான் ஹுஸின் சிலை, 1968இல் சோவியத் டாங்கி வந்த தெரு. மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் தொடமாட்டார், ராத்திரி சூடாக ஏதாவது வயிற்றுக்குப் போனால்தான் தூக்கம் வரும்.

கோட்டைக்கு அம்மாவைக் கூட்டிப் போக முடியுமா, இல்லை விட்டுவிடலாமா? எந்தப் பக்கம் தங்குவது? யூரோ செல்லுமா? பெற்றோருக்கு ஜெர்மன் தூதரகம் கொடுத்த ஷெங்கன் விசா இருக்கிறது, அது போதும்தானே? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

டிராம்22

நான் பிராகில்தான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் வழிகாட்டி வேலை தானாக என் தலையில் விழும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விசா. ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாவே போதும், செக் குடியரசும் ஷெங்கனுக்குள்தான். ஆனால் மூன்று பேரும் பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வைத்திருங்கள், நீங்கள் குடியிருப்பு அட்டையையும் மறக்க வேண்டாம். திரும்பி வரும்போது ஜெர்மன் எல்லையில் போலீஸ் ரயிலில் ஏறிப் பார்ப்பது சில வருடங்களாகவே வழக்கமாகிவிட்டது.

அடுத்து அம்மாவின் கால். பிராகில் பிரச்சினை தூரம் இல்லை, தரை. பழைய நகரம் முழுக்கக் கருங்கல் பாவிய தெருக்கள், மழை பெய்தால் வழுக்கும். தடித்த ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ இல்லாமல் கூட்டி வராதீர்கள். சக்கரம் வைத்த பெட்டியையும் அந்தக் கல்லில் ரொம்ப தூரம் இழுக்க முடியாது. நான் ஏன் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன் என்றால், வயதானவர்களோடு வருகிற எல்லாருக்கும் நான் சொல்கிற ஒரே மருந்து 22ஆம் எண் டிராம்தான். அது ஆற்றைத் தாண்டி, குழந்தை இயேசு கோவில் பக்கமாகப் போய், மாலா ஸ்ட்ரானா சதுக்கம் வழியாக வளைந்து மலை ஏறி, கோட்டையின் பின்பக்கம் கொண்டு போய் விடும். கீழிருந்து கோட்டைக்குப் படியேறிப் போகிற கூட்டத்தைப் பார்த்து நீங்களும் ஏறிவிடாதீர்கள். பிராஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டை வாசல் வரை அநேகமாகச் சமதளம்.

ஒரு நிறுத்தம் முன்னாலேயே, அரச கோடை மாளிகைப் பக்கம் இறங்கினால் அரச தோட்டம் வழியாகவே நடந்து வரலாம், ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. ஈஸ்டர் மார்ச்சில் வந்தால் மட்டும் அது கிடைக்காது.

கோட்டை வளாகத்துக்குள் போக டிக்கெட் வேண்டாம், பையைச் சோதித்தாலும் சோதிப்பார்கள். கட்டடங்களுக்கு உள்ளே போகத்தான் டிக்கெட். ஒரு தடவை வாங்கினால் அடுத்தடுத்த இரண்டு நாளுக்குச் செல்லும், இதை நிறையப் பேர் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முயன்று களைத்துப் போகிறார்கள். புனித வைடஸ் பேராலயத்துக்கு ஞாயிறு காலையில் வர வேண்டாம். திருப்பலி முடிந்து மதியத்துக்குப் பிறகுதான் சுற்றுலாப் பயணிகளை விடுவார்கள், ஈஸ்டர் வாரத்தில் நேரம் இன்னும் மாறலாம், கோட்டையின் வலைத்தளத்தில் முந்தின நாள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 1344இல் கட்டத் தொடங்கி 1929இல் முடித்த ஆலயம் அது, அப்பாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார். உள்ளே ஒரு ஜன்னலில் செக் ஓவியர் ஆல்ஃபோன்ஸ் முகா வரைந்த வண்ணக் கண்ணாடி ஓவியம் இருக்கிறது, காலை வெயில் அதன் மேல் விழும்போது நான் எத்தனையோ பேரை அங்கிருந்து கிளப்பக் கெஞ்ச வேண்டியிருந்திருக்கிறது.

அப்பா கேட்ட ஜன்னல், கோட்டைக்குள்ளே பழைய அரச மாளிகையில். 1618 மே மாதம் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் பேரரசரின் ஆட்கள் இரண்டு பேரையும் அவர்களுடைய செயலாளரையும் அங்கிருந்து வெளியே எறிந்தார்கள். இருபது மீட்டருக்கு மேல் உயரம், மூன்று பேருமே பிழைத்துக்கொண்டார்கள். மாதா தாங்கிப் பிடித்தார் என்றது கத்தோலிக்கத் தரப்பு, எருக்குவியலில் விழுந்தார்கள் என்றது எதிர்த் தரப்பு. முப்பதாண்டுப் போர் அதிலிருந்து மூண்டது. அம்மாவும் அப்பாவும் அதே இரண்டு தரப்பாகப் பிரிந்து நின்று பேசிக்கொள்ள நல்ல இடம்.

குழந்தை இயேசு கோவில் கார்மெலிட்ஸ்கா தெருவில் இருக்கிறது, வெற்றி அன்னை ஆலயம் என்று பெயர். ஹெலிகோவா நிறுத்தத்தில் இறங்கினால் சில நிமிட நடை. வாசலில் கொஞ்சம் படிகள் உண்டு, கைப்பிடித்து ஏறிவிடலாம். உள்ளே போக இலவசம். வலப்பக்கப் பீடத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது சுரூபம். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது "இவ்வளவு சின்னதா!" என்பதுதான், 47 சென்டிமீட்டர்தான் உயரம். மெழுகு பூசியது. ஸ்பெயினிலிருந்து வந்தது, 1628இல் பொலிக்சேனா என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்மணி கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். பிறகு சாக்சன் படை நகரத்தைப் பிடித்தபோது சூறையாடிப் பீடத்துக்குப் பின்னால் எறிந்துவிட்டார்கள், கைகள் உடைந்த நிலையில் பல வருடம் கழித்துத்தான் கண்டெடுத்தார்கள். உங்கள் அம்மாவுக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

உடையைத் திருவழிபாட்டுக் காலத்துக்கு ஏற்ப மாற்றுவார்கள். தவக்காலத்தில் ஊதா, உயிர்ப்புக்கு வெள்ளை. அதனால் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் ஒரு தடவை, ஞாயிறு ஒரு தடவை என்று இரண்டு முறை கூட்டிப் போங்கள், இரண்டு வேறு உடையில் பார்த்துவிடலாம். உள்ளே மாடியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பழைய உடைகளை வைத்திருக்கிறார்கள், மரியா தெரேசா அரசி கொடுத்ததும் அதில் இருக்கிறது, ஆனால் குறுகலான சுற்றுப் படி ஏற வேண்டும், அம்மா கீழேயே உட்கார்ந்து ஜெபமாலை சொல்லட்டும். ஆங்கிலத்தில் ஞாயிறு திருப்பலியும் உண்டு, ஈஸ்டருக்கு நேரத்தை ஆலயத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குவதற்கு நான் வினோஹ்ராடி பக்கம் சொல்வேன், நாம்யெஸ்டி மீரு நிலையத்துக்கு அருகில். மெட்ரோவும் இருக்கிறது, 22ஆம் எண் டிராமும் அங்கிருந்து கிளம்பி வருகிற வழியில்தான். ஆனால் அந்த மெட்ரோ நிலையத்தின் நகரும் படிக்கட்டு 87 மீட்டர் நீளம், மேலே நின்று கீழே பார்த்தால் எனக்கே தலை சுற்றும், அம்மாவுக்கு டிராமே போதும். வீடு எடுக்கும்போது லிஃப்ட் உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே நூறு வருடக் கட்டடங்கள் நிறைய.

மோர்மிளகாய்

மேலே சொன்னவர் பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார், அதுதான் இந்த ஊரில் முக்கியம்.

செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனா. மையப் பகுதிக் கடைகளில் யூரோ வாங்கிக்கொள்வார்கள், அவர்கள் வைத்த விலைக்கு, மீதியைக் கொருனாவில் தருவார்கள். யூரோவில் கொடுக்காதீர்கள். கார்டு எல்லா இடத்திலும் செல்கிறது. கழிப்பறைக்கும் ஈஸ்டர் சந்தையில் முட்டை வாங்கவும் கொஞ்சம் சில்லறை வேண்டும், அதை ஏதாவது ஒரு வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள். இயந்திரம் "உங்கள் நாணயத்திலேயே கணக்கு வைக்கட்டுமா" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்கும், வேண்டாம் என்று அழுத்துங்கள், கொருனாவிலேயே போகட்டும். கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்.

நாணய மாற்றுக் கடைகளில் "0% கமிஷன்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். கமிஷன் இல்லைதான், விகிதத்திலேயே மொட்டை அடித்துவிடுவார்கள். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 2019இல் சட்டமே மாற்றினார்கள், கடையில் மாற்றிய 1000 யூரோ வரையிலான தொகையை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்த் திருப்பிக் கேட்கலாம். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். தெருவில் நின்று "சார், நல்ல ரேட்" என்று கூப்பிடுகிறவனிடம் எந்தச் சட்டமும் செல்லாது, அவன் கொடுப்பது கொருனாவாகவே இருக்காது, வேறு நாட்டு மதிப்பில்லாத நோட்டு. நமக்கு எல்லா வெளிநாட்டு நோட்டும் ஒரே மாதிரிதானே தெரியும், அதைத்தான் நம்பியிருக்கிறான்.

டிராம் டிக்கெட். காகித டிக்கெட் வாங்கினால் முதல் தடவை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும், கையில் டிக்கெட் இருந்தும் குத்தாமல் போனால் அபராதம். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், சுற்றுலாப் பயணி என்ற இரக்கமெல்லாம் இல்லை. நீங்கள் இருக்கப் போகிற நாளுக்கு 72 மணி நேர டிக்கெட் சரியாக வரும், ஒரு தடவை குத்தினால் மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஆகும், அப்புறம் ஒரு நிறுத்தத்துக்குக்கூட யோசிக்காமல் ஏறலாம். முழங்கால் வலிக்கு அது முக்கியம்.

சாப்பாடு. அப்பாவுக்குக் கொஞ்சம் கஷ்டம், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்விச்கொவா மாடு, குலாஷ் பெரும்பாலும் மாடு, மீதி எல்லாம் பன்றி. உருளைக்கிழங்கு சூப் என்று நம்பிக் கேட்டால் அதிலும் பன்றித் துண்டு மிதக்கும். மெனுவில் "பெஸ்மாசா யீட்லா" என்று ஒரு பகுதி இருக்கும், கறி இல்லாத உணவு என்று அர்த்தம், பொரித்த பாலாடைக்கட்டி கிடைக்கும், கூட அவித்த உருளைக்கிழங்கு. ஒரு நாள் சாப்பிடலாம். ஆற்று மீன் உண்டு, டிரவுட் வறுத்துத் தருவார்கள், ஆனால் தூத்துக்குடிக்காரரிடம் அதை மீன் என்று சொல்லிக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

ராத்திரிக்கு என் யோசனை வியட்நாம் கடை. சோஷலிசக் காலத்தில் வேலைக்கும் படிப்புக்கும் வந்த வியட்நாம் மக்கள் இங்கே நிறைய, அதனால் எந்தப் பேட்டையிலும் நல்ல கடை இருக்கும். ஃபோ சூப்பில் கோழி வகை என்று சொல்லிக் கேளுங்கள், மாடுதான் வழக்கமாக வரும். சோறும் கிடைக்கும், மிளகாய் சாஸ் மேசை மேலேயே இருக்கும், கட்டணமும் சதுக்கத்துக் கடைகளில் பாதிகூட வராது. இந்தியக் கடைகளும் இருக்கின்றன, ஆனால் அது பெர்லினிலேயே கிடைக்கிறது, அதற்கு ரயில் ஏற வேண்டுமா?

தெருவெங்கும் சுட்டு விற்கிற ட்ர்டெல்னிக் என்ற சுருள் ரொட்டியைப் பழைய பிராக் பலகாரம் என்று எழுதி வைத்திருப்பார்கள். அது சுற்றுலாக் கூட்டத்தோடு வந்தது. சூடாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும், ஐஸ்கிரீம் அடைத்ததை வாங்காதீர்கள், ஒழுகி நாசமாகும்.

சும்மாசுத்தி

எல்லாரும் கோட்டை, கோட்டை என்கிறீர்கள். முழங்கால் வலியோடு வருகிற ஒருவரை ஏன் அந்தக் கூட்டத்தில் தள்ள வேண்டும்? ஈஸ்டர் வாரம் என்றால் பிராக் மையத்தில் நிற்க இடம் இருக்காது. வானியல் கடிகாரத்தைப் பார்க்க ஆயிரம் பேர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள், மணி அடித்ததும் எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், சீடர்கள் பொம்மையாகச் சுற்றுவார்கள், சேவல் கத்தும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இதற்குத்தானா என்று பக்கத்தில் யாராவது ஒருவர் அவரவர் மொழியில் கேட்பது நிச்சயம். அந்த நேரத்தில் பையை மார்புப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், ஜேப்படிக்காரர்களுக்கும் மணிக்கு ஒரு தடவைதான் வேலை.

என்னைக் கேட்டால் விஷேஹ்ராட் போங்கள். ஆற்றங்கரைக் குன்றின் மேல் பழைய அரண், மெட்ரோ நிலையத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நடந்து போய்விடலாம், மரநிழல், உட்காரப் பெஞ்சு, கீழே வல்டாவா ஆறு, தூரத்தில் கோட்டை. கோட்டையைப் பார்க்க நல்ல இடம் கோட்டைக்கு வெளியேதானே. அங்கே உள்ள கல்லறைத் தோட்டத்தில் இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக், ஸ்மெட்டனா, மேலே சொன்ன முகா எல்லாரும் இருக்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் குழந்தைகளோடு நடக்க வருவார்கள், அவ்வளவுதான் கூட்டம்.

இல்லையென்றால் சனிக்கிழமை குட்னா ஹோரா போய்விடுங்கள், ரயிலில் ஒரு மணி நேரம். எலும்புகளால் அலங்கரித்த தேவாலயம், 40,000 பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்பு என்கிறார்கள். வெள்ளிச் சுரங்கத்தால் வாழ்ந்த ஊர். அப்பாவுக்குப் பிடிக்கும்.

டிராம்22

@சும்மாசுத்தி விஷேஹ்ராட் சரி, முழுக்க ஒத்துக்கொள்கிறேன், நானே சொல்லியிருக்க வேண்டும். குட்னா ஹோரா இந்தப் பயணத்துக்கு வேண்டாம். எலும்புத் தேவாலயம் ஒரு முனையில், பார்பரா பேராலயம் மறு முனையில், நடுவே கல் பாவிய மேட்டுத் தெருக்கள். அதோடு ஈஸ்டர் சனியன்று அம்மாவை எலும்புக் குவியலைப் பார்க்கக் கூட்டிப் போவதா? கொஞ்சம் யோசியுங்கள்.

கடிகாரத்தையும் நீங்கள் சொல்கிற மாதிரி ஒதுக்க மாட்டேன். பொம்மை விளையாட்டைப் பார்க்கத்தான் கூட்டம், அது பிற்காலச் சேர்க்கை. மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு போய் நின்று வட்டத்தைப் பாருங்கள். 1410இல் செய்த இயந்திரம். சூரியன் எந்த ராசியில் இருக்கிறது, நிலவு வளர்கிறதா தேய்கிறதா, சூரியன் மறைந்து எத்தனை மணி ஆயிற்று என்று எல்லாவற்றையும் ஒரே முகத்தில் காட்டுகிறது. வெளி வளையத்தில் இருக்கும் பழைய எழுத்து எண்கள் சூரிய அஸ்தமனத்திலிருந்து 24 மணி எண்ணுகிற பழைய போஹீமிய முறை, அந்த வளையமே பருவத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகரும். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேடிக்கை. ஏப்ரல் முதல் வாரத்தில் போனால் கடிகாரம் சூரியனை மேஷத்தில் காட்டும், நம் பஞ்சாங்கத்தில் அப்போது இன்னும் பங்குனி, மீனம். அவர்கள் சம இரவு நாளிலிருந்து கணக்கு வைக்கிறார்கள், நாம் நட்சத்திரத்தை வைத்து, மூன்று வாரத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது.

சார்லஸ் பாலத்துக்கும் இந்த நாள் பார்க்கிற பழக்கம் உண்டு. நான்காம் சார்லஸ் 1357ஆம் வருடம், 9ஆம் தேதி, 7ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்துக்கு அடிக்கல் வைத்தார் என்று சொல்வார்கள், எண்களை வரிசையாக எழுதினால் 1 3 5 7 9 7 5 3 1. பிற்காலத்தில் ஜோடித்த கதையாகக்கூட இருக்கலாம், ஆனால் நல்ல நேரம் பார்த்துக் கால்கோள் போடுகிற நமக்கு அதில் வியப்பே இருக்காது. அம்மாவுக்குப் பாலத்தில் நடக்க முடியும், அரை கிலோமீட்டர் நீளம், பெரிய ஏற்றமில்லை, படி இல்லை. ஆனால் ஏழு மணிக்குள் போக வேண்டும். பத்து மணிக்குப் போனால் முதுகுகளைத்தான் பார்க்கலாம். நெபோமுக் அருளப்பர் சிலையின் கீழே வெண்கலப் பலகையை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பளபளவென்று ஆக்கியிருப்பார்கள், 1393இல் அரசன் அவரை ஆற்றில் எறிந்து கொன்ற இடம் அந்தப் பாலம்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு ஆளைத் தூக்கி எறிவதில் ஒரு பிரியம்.

புறநானூறன்

தமிழர்கள் பிராக் போவது பற்றி இவ்வளவு பேசிவிட்டு ஒருவர்கூட கமில் ஸ்வெலபிலைச் சொல்லவில்லையே! பிராகில் 1927இல் பிறந்தவர், அங்கே சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, சங்க இலக்கியம் முதல் இருளர் பேச்சு வரை ஆராய்ந்தவர், தமிழிலிருந்து செக் மொழிக்கு நேரடியாக மொழிபெயர்த்தவர். நம் இலக்கிய வரலாற்றை மேலைநாட்டு வாசகர்கள் தெரிந்துகொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1968இல் சோவியத் படை நுழைந்த பிறகு நாட்டை விட்டு வெளியேறினார், பின்னாளில் நெதர்லாந்தில் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவருக்குப் பின்னும் யாரோஸ்லாவ் வாட்செக் போன்றவர்கள் பிராகில் தமிழ் கற்பித்தார்கள்.

முத்துநகர், உங்கள் அப்பா வரலாற்று ஆசிரியர் என்பதால் சொல்கிறேன். சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கட்டடம் ஆற்றங்கரையில் யான் பலாக் சதுக்கத்தில் இருக்கிறது, யூதப் பேட்டையை ஒட்டி, டிராம் வாசலிலேயே நிற்கும். 1348இல் தொடங்கிய பல்கலைக்கழகம். யான் பலாக் அந்தப் புலத்தின் மாணவன். ஆக்கிரமிப்பை மக்கள் பழகிக்கொண்டு அடங்கிவிடுகிறார்களே என்று 1969 ஜனவரி 16 அன்று வென்செஸ்லஸ் சதுக்கத்தின் மேல் முனையில் தீக்குளித்தான், மூன்றாம் நாள் இறந்தான். வயது 20. கட்டடத்தின் மூலையில் அவனுடைய மரண முகமூடியைப் பதித்திருக்கிறார்கள். தமிழுக்காகத் தீக்குளித்த கீழப்பழுவூர் சின்னச்சாமியின் பெயரைக் கேட்டு வளர்ந்த நம் ஆட்களுக்கு அதன் முன்னால் நின்று விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

டாங்கி வந்த தெரு என்று அவர் கேட்டது வென்செஸ்லஸ் சதுக்கமாகத்தான் இருக்கும். சதுக்கம் என்பது பெயருக்குத்தான், முக்கால் கிலோமீட்டர் நீளமான சாய்வான அகலத் தெரு. மேல் முனையில் தேசிய அருங்காட்சியகம், 1968 ஆகஸ்டில் சோவியத் சிப்பாய்கள் அதன் முகப்பைச் சுட்டுத் துளைத்தார்கள், பிற்பாடு புதுப்பித்தபோதும் அந்தத் தழும்புகள் தெரிகிற மாதிரிதான் விட்டிருக்கிறார்கள். 1989 நவம்பரில் லட்சக்கணக்கானோர் சாவிக்கொத்தை ஆட்டிச் சத்தம் எழுப்பிக் கம்யூனிஸ்ட் ஆட்சியை வீட்டுக்கு அனுப்பியதும் அதே தெருவில். மேலே மெட்ரோவில் இறங்கிக் கீழ்நோக்கி நடங்கள்.

பழைய நகரச் சதுக்கத்தில் ஹுஸ் சிலையை எல்லாரும் பார்ப்பார்கள், அவரைக் கான்ஸ்டன்ஸ் நகரில் எரித்து 500 ஆண்டு நிறைந்த 1915இல் வைத்தது. யாரும் பார்க்காதது அங்கே தரையில் நகர மண்டபத்தை ஒட்டிப் பதித்திருக்கும் 27 வெள்ளைச் சிலுவைகள். அந்த ஜன்னல் சம்பவத்தில் தொடங்கிய கலகம் தோற்றபின் 1621 ஜூனில் 27 தலைவர்களை அங்கே வைத்துக் கொன்றார்கள். கடிகாரத்தைப் பார்க்க வந்த கூட்டம் அதன் மேலேயே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும். கோட்டையில் ஜன்னலைப் பார்த்துவிட்டு மறுநாள் இதைப் பார்த்தால் கதையின் இரண்டு முனையும் அப்பா கைக்கு வந்துவிடும்.

முத்துநகர்

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. புறநானூறன் ஐயா, ஸ்வெலபில் பெயரைச் சொன்னதும் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார், கல்லூரியில் அவருடைய கட்டுரை படித்திருக்கிறாராம். அம்மா 47 சென்டிமீட்டர் என்றதும் "எங்க வீட்டுச் சுரூபம் அதைவிடப் பெரிசு" என்கிறார்.

இரண்டு கேள்வி மட்டும். யூதப் பேட்டையையும் அப்பா பார்க்க வேண்டும் என்கிறார், சனிக்கிழமை மதியம் போட்டுக்கொள்ளவா? டிராம்22 அண்ணா, கோட்டையிலிருந்து நெருடோவா தெரு வழியாக இறங்கினால் அழகாக இருக்கும் என்று எங்கேயோ படித்தேன், இறக்கம்தானே, அம்மா சமாளித்துவிடுவாரா?

டிராம்22

தங்கச்சி, நெருடோவா வேண்டாம். அழகான தெருதான், ஆனால் நல்ல சரிவு, கீழே வரை கல். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை, என் மாமியாரைக் கேட்டால் தெரியும். வந்த வழியே திரும்பி டிராம் ஏறிக் கீழே வாருங்கள். ஆசையாக இருந்தால் அப்பாவும் நீங்களும் இறங்குங்கள், அம்மா குழந்தை இயேசு கோவிலில் உட்கார்ந்திருப்பார், பத்து நிமிடத்தில் நீங்களே அங்கே வந்து சேர்வீர்கள்.

யூத அருங்காட்சியகம் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாள்களிலும் மூடியிருக்கும். ஈஸ்டரை ஒட்டித்தான் பெரும்பாலும் பஸ்காவும் வரும், அதனால் அவர்கள் நாள்காட்டியைப் பார்க்காமல் டிக்கெட் வாங்காதீர்கள். திறந்திருந்தால் ஞாயிறு பிற்பகலோ திங்கள் காலையோ போங்கள். பிங்கஸ் ஜெப ஆலயத்தின் சுவர் முழுக்க, நாஜிகள் கொன்ற போஹீமிய, மொராவிய யூதர்கள் கிட்டத்தட்ட 80,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டிப் பழைய கல்லறைத் தோட்டம், இடம் போதாமல் அடுக்கின் மேல் அடுக்காகப் புதைத்து, கல்லின் மேல் கல் சாய்ந்து கிடக்கும். பாதை மேடு பள்ளம், அம்மாவை ஆலயத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிடுங்கள்.

அப்புறம் திங்கள்கிழமை. ஈஸ்டர் திங்களன்று சட்டப்படி பெரிய கடைகள் மூடியிருக்க வேண்டும், 200 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அடைப்புதான். மோர்மிளகாய் சொன்ன வியட்நாம்காரர்களின் மூலைக் கடைகள் சின்னவை, திறந்திருக்கும், தண்ணீரும் பழமும் அங்கே கிடைக்கும். அன்றைக்கு ஆண்கள் பின்னிய வில்லோக் குச்சியோடு வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் செல்லமாக அடித்து முட்டை வாங்குகிற பழக்கம் உண்டு. நகரத்தில் இப்போது குறைவு, இருந்தாலும் யாராவது கையில் குச்சியோடு வந்தால் அம்மா பயந்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மோர்மிளகாய்

ரயில் பற்றி ஒன்று. பெர்லினிலிருந்து பிராக் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், டிரெஸ்டனுக்குப் பிறகுதான் காட்சியே. எல்பே ஆறு கூடவே வரும், எதிரே மணற்பாறைக் குன்றுகள். போகும்போது ரயில் ஓடும் திசைக்கு இடப்பக்க ஜன்னல், வரும்போது வலப்பக்கம். ஈஸ்டருக்கு இடம் முன்பதிவு செய்யாமல் ஏறினால் அம்மா நின்றுகொண்டு வர வேண்டியதுதான், இன்றைக்கே போடுங்கள். இறங்கியதும் அப்பாவை முதலாம் நடைமேடைக்குக் கூட்டிப் போய் நிக்கோலஸ் வின்டன் சிலையைக் காட்டுங்கள், 1939இல் 669 குழந்தைகளை ரயிலேற்றி லண்டனுக்கு அனுப்பிக் காப்பாற்றியவர்.

முத்துநகர்

மூன்று இருக்கை, இடப்பக்கம், போட்டாகிவிட்டது. வினோஹ்ராடியில் வீடும் பார்த்துவிட்டேன், லிஃப்ட் உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.